முகத்துவாரச் சேறு யாருக்கு?

ஆற்று முகத்துவாரத்தின் அடிச்சேற்றில் வாழும் மீன்களின் ஹார்மோன் குலைவுதான் என் ஆய்வுத் தலைப்பு. இதை யாரிடம் சொன்னாலும், கேட்பவர் ஆணாக இருந்தால் அநேகமாக ஒரே கேள்விதான் வருகிறது. எங்கள் ஊர் பனவடலிசத்திரத்து டீக்கடையில் அது இப்படி வரும்: "ஏல, அந்த மீனத் தின்னா நம்ம மீசையும் கொட்டிப் போயிருமோ?" பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அதே பயம் கோட்டுப் போட்டுக்கொண்டு, 'ஆண் மலட்டுத்தன்மை' என்ற பெயரில் எழுந்து நிற்கும். இரண்டாவதாக ஒரு பதிலும் உண்டு. முனைவர் பட்டம் வாங்கிய மூத்த பேராசிரியர் ஒருவர் என் படவிளக்கம் முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்குத்தான் நாங்க இதையெல்லாம் தொடுறதே இல்ல."

இந்த இரண்டு பேரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக நம் தோழர்களோடும்தான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சேறு. ஆறு கடலைத் தொடும் இடத்தில் நன்னீரோடு உப்பு கலக்கிறது. அதுவரை தண்ணீரில் மிதந்து வந்த நுண்களிமண் துகள்கள், உப்புப் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. தண்ணீரில் எளிதில் கரையாத வேதிப்பொருட்களுக்கு இந்தக் களிமண்தான் வண்டி. சோப்பு, டிடர்ஜென்ட் சிதைந்து வரும் நோனைல்பீனால், பழைய பூச்சிமருந்துகளின் மிச்சம், எண்ணெய்க் கழிவின் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், பாதரசம், காட்மியம் என்று மேலே ஊர் ஊராகக் கொட்டியதெல்லாம் இங்கே வந்து இறங்குகிறது. ஆற்றுத் தண்ணீர் ஒரு வெள்ளத்தில் மாறிவிடும். சேறு மாறாது. பத்து, இருபது ஆண்டுக் கணக்கை அது வைத்திருக்கும். துறைமுகத்துக்காக ஆழப்படுத்தும்போதோ புயலடிக்கும்போதோ அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டும்.

அந்தச் சேற்றில்தான் நாக்கு மீன் புதைந்து கிடக்கிறது. கெளுத்தி கிளறுகிறது. மடவை சேற்றை வாயில் வாங்கி, சலித்து, சத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் துப்புகிறது. உளுவை அங்கேயே வளை தோண்டிக் குடியிருக்கிறது. இவை தின்னும் புழுவும் அதே சேற்றுப் புழு. மேல்நீரில் ஓடும் மீனுக்கு ஓடித் தப்ப இடமுண்டு. இவற்றுக்குச் சேறுதான் வீடு, சேறுதான் சோறு.

மீனின் கல்லீரலில் விட்டெலோஜெனின் என்று ஒரு புரதம் சுரக்கும். முட்டையின் மஞ்சள் கருவுக்கான மூலப்பொருள் அது. பெண் மீனின் ஈஸ்ட்ரோஜன் கட்டளையிட்டால் அது உருவாகும். ஆண் மீனிடமும் அதற்கான மரபணு உண்டு, கட்டளைதான் கிடையாது. எனவே ஒரு ஆண் மீனின் இரத்தத்தில் இந்தப் புரதம் தாராளமாகக் கிடைத்தால், ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் ஏதோ ஒன்று வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது என்று பொருள். 1990களில் பிரிட்டனின் டைன், மெர்சி முகத்துவாரங்களில், நம் நாக்கு மீனின் தூரத்துச் சொந்தமான பிளவுண்டர் என்ற தட்டை மீனில் இதைத்தான் கண்டார்கள். மெர்சியில் சில ஆண் மீன்களின் விந்தகத்துக்குள்ளேயே முட்டைச் செல்கள் இருந்தன. பாஸ்க் நாட்டு முகத்துவாரங்களில் மடவை இனத்திலும் இதே கதை. பிக்காசோ வரைந்த அந்தக் கெர்னிகா ஊரின் கழிமுகமும் அவற்றில் ஒன்று. தெற்குக் கலிபோர்னியாவில் கழிவுநீர்க் குழாய்கள் கடலில் திறக்கும் இடங்களில் தட்டை மீன்களின் தைராய்டும், ஆபத்துக் காலத்தில் உடம்பைத் தயார்ப்படுத்தும் கார்ட்டிசாலும் சரிந்திருந்தன. ஆக, குலைவது பால் ஹார்மோன் மட்டுமல்ல. வளர்ச்சி, பசி, பயம், நோய் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்துதான்.

இப்போது டீக்கடை மீசைக்கு வருவோம்.

ஆண் மீன் பெண்ணாவது இயற்கைக்கே விரோதம் என்று அலறுகிறவர்கள், ஓட்டலில் அதிக விலை கொடுத்துத் தின்னும் கொடுவா மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுவா ஆணாக வாழ்வைத் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாகிறது. அதுதான் அதன் இயல்பு. பால் மாறுவது கேவலமென்றால் முதலில் கொடுவாவை விலக்குங்கள். இன்னொன்று. கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க டிரைபியூட்டைல் டின் என்ற வேதிப்பொருள் கலந்த பெயின்ட்டைப் பூசினார்கள். துறைமுகங்களின் பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்தது. முட்டை வெளியேறும் பாதை அடைபட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2001இல் சர்வதேச உடன்படிக்கை எழுதி, 2008இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. பெண் நத்தைக்கு ஆண்குறி முளைத்ததற்கு எந்த டீக்கடையிலும் யாரும் பதறவில்லை. ஆண் மீனுக்கு முட்டை வந்தால் மட்டும் நாகரிகமே அழிகிறதாம். இந்தப் பதற்றத்துக்குப் பெயர் அறிவியல் அல்ல, ஆணாதிக்கம். அதைத் தூண்டிவிட்டு 'ஆண்மை' லேகியம் விற்கிறவர்களுக்கும், திருநங்கைத் தோழர்களைப் பார்த்து 'எல்லாம் கெமிக்கல் செய்ற வேலை' என்று எழுதுகிறவர்களுக்கும் நம் ஆய்வு முடிவுகளைத் தீனியாகப் போடக் கூடாது.

உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. கனடாவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரி ஒன்றில், 2001 முதல் 2003 வரை கோடைதோறும் கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நானோகிராம். அவ்வளவுக்கே அந்த ஏரியின் பேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் கூட்டம் ஏறத்தாழ ஒழிந்துபோனது. குஞ்சு பொரிப்பு நின்றுவிட்டது, அவ்வளவுதான். கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மீன் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு மீன் இனம் குறைந்தால் அதைப் பிடித்துத் தின்று, விற்று வாழ்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்பதுதான் கேள்வி. மீசை அல்ல.

உடனே 'அப்படியானால் மாத்திரை சாப்பிடும் பெண்கள்தான் காரணம்' என்று ஒருவர் கிளம்புவார். சாக்கடையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனில் பெரும்பங்கு மனித உடம்பும் கால்நடையும் இயல்பாகவே கழிப்பது. சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவது யார் என்பதே கேள்வி. நல்ல உயிரியல் சுத்திகரிப்பு நிலையம் இந்த ஹார்மோன்களில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். மிச்சத்துக்கு ஓசோனும் செயலூட்டிய கரியும் உண்டு. சுவிட்சர்லாந்து 2016 முதல் முக்கிய நிலையங்களில் அவற்றைக் கட்டாயமாக்கும் சட்டத்தையே வைத்திருக்கிறது.

அடுத்து, சிரித்த பேராசிரியர். அவர் தீட்டையும் மாசையும் ஒன்றாக்குகிறார். தீட்டு என்பது இல்லாத அழுக்கு. அளக்க முடியாது, கருவி கிடையாது, பிறப்பை வைத்து ஒட்டப்படுவது. மாசு இருக்கிற அழுக்கு. குழாயிலிருந்து வருகிறது, அளக்கலாம், குழாய்க்கு உரிமையாளர் இருக்கிறார். சாதிச் சமூகத்தின் கண் எப்படிப் பழகியிருக்கிறதென்றால், இல்லாததை உடனே பார்க்கும், இருப்பதைப் பார்க்காது. 1927 மார்ச் 20 அன்று மகத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். 'தீட்டான' குளத்தைச் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் குடம் குடமாக ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள் சனாதனிகள். மாட்டின் சாணியிலும் மூத்திரத்திலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. என் துறையின் கணக்குப்படி அந்தக் குளம் மாசுபட்டது அன்றுதான். எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாங்குளத்தில் 2022 செப்டம்பரில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் 'ஊர்க் கட்டுப்பாடு, தின்பண்டம் தர முடியாது' என்று கடைக்காரர் சொன்ன காணொளியை எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டி. தலித் பிள்ளை கை நீட்டினால் மிட்டாய் கெட்டுவிடும், தலித் குடிக்கும் தண்ணீரில் மலமே கலக்கலாம். இதே தர்க்கம்தான் கொஞ்சம் பெரிய அளவில் முகத்துவாரங்களில் நடக்கிறது.

தாமிரபரணியை எடுத்துக்கொள்வோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. பாபநாசத்தில் குளித்து உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் தொலையும் என்கிறார்கள். துணி தொலைவதில்லை, டன் கணக்கில் அள்ளுகிறார்கள். 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் என்று லட்சக்கணக்கில் முங்கி எழுந்தார்கள், ஆற்றுக்கு ஆரத்தி காட்டினார்கள். ஆரத்தி காட்டிய ஆற்றில்தான் திருநெல்வேலியின் சாக்கடை கலக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றையும் ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிரைக்ளோசன் என்ற கிருமிநாசினி, சோப்பிலும் பற்பசையிலும் சேர்ப்பது, தாமிரபரணியில் சராசரியாக லிட்டருக்கு 944 நானோகிராம் இருந்தது. தைராய்டு ஹார்மோனைக் குலைப்பதாகத் தவளைகளில் காட்டப்பட்ட பொருள் அது. கைகழுவும் சோப்புகளில் அமெரிக்கா 2016இல் அதைத் தடைசெய்தது. புண்ணியமும் பாவமும் சோப்பும் சாக்கடையும் கீழே ஓடி வந்து சேரும் இடம் புன்னைக்காயல் சேறு.

இதே ஆற்றில்தான் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன மக்களைப் போலீஸ் அடித்துத் துரத்தி இறக்கியது. ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் பிணமாக எடுக்கப்பட்டார்கள். நதியை அன்னை என்று அழைக்கும் சூழலியல் கட்டுரைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். அந்த 17 பேரைச் சொல்லிவிட்டுத் தொடங்கிய ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

வடக்கே எண்ணூரில் இன்னும் அப்பட்டம். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம். 1970களிலிருந்து 2017 வரை அனல்மின் நிலையம், 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001 முதல் துறைமுகம், பக்கத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலை. குழாய் உடைந்து நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தில் படிகிறது, கொதிநீர் விடப்படுகிறது. சாம்பலில் வரும் காட்மியம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டக்கூடியது என்று ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள். சாம்பலை அகற்றி ஈரநிலத்தை மீட்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, காட்டுக்குப்பம் வரை வீட்டுச் சுவரெல்லாம் கருப்புக் கோடு போட்டது. அதை அள்ளியவர்கள் யார்? அந்தக் குப்பத்து மக்களேதான், வாளியும் மக்கும் வைத்து, பலர் வெறுங்கையோடு. நாட்டின் பெரிய நிறுவனங்கள் சூழ்ந்திருக்கும் இடத்தில் பேரிடருக்கு இருந்த கருவி பிளாஸ்டிக் மக்கு. சாக்கடைக்குள் ஆளை இறக்கும் அதே நாடுதானே.

அங்கே இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, பத்து விரலாலும் சேற்றைத் தடவிப் பிடிக்கிறார்கள். கை இரண்டும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். நான் மேலே சொன்ன நாக்கு மீனும் உளுவையும் எந்தச் சேற்றில் கிடக்கின்றனவோ அதே சேற்றில், நாளுக்குப் பல மணி நேரம் இவர்கள் உடம்பு கிடக்கிறது. வாய் அந்தத் தண்ணீரை ஒட்டி இருக்கிறது. மீனுக்கு ஆவது மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று எந்த ஆய்வாளரும் சொல்ல மாட்டார். ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற மூலக்கூறு மீனுக்கும் மனிதருக்கும் ஒன்றுதான். முதலில் சோதிக்க வேண்டிய உடம்பு யாருடையது என்று முடிவு செய்ய முனைவர் பட்டம் தேவையில்லை.

இவர்கள் ஏன் சேற்றில் இருக்கிறார்கள், ஆழத்தில் ஏன் இல்லை? இங்கேதான் சாதி. கொஞ்சம் வடக்கே பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறை இருக்கிறது. ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடங்களைப் பட்டினவர் கிராமங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. வளத்தைப் பங்கிடும் அருமையான மரபு என்று இதைப் பாராட்டி எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் பங்கில் தலித் மீனவர்களுக்கும் இருளருக்கும் இடமில்லை என்பதை அடிக்குறிப்பில் வைப்பார்கள். பாடு இல்லாதவர்க்கு மிச்சம் ஓரமும் சேறும். நிவாரணம் வரும்போதும் இதே வரிசைதான். 2023 எண்ணெய்க் கசிவுக்கு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் அறிவித்தார்கள். படகையும் சங்க உறுப்பினர் அட்டையையும் வைத்து மீனவரை எண்ணினால், பறியைப் பல்லில் கடித்தவர் எந்தப் பட்டியலில் வருவார்? பட்டினவரும் பரதவரும் நமக்கு எதிரிகள் என்று இதைத் திரிக்க வேண்டாம். அவர்களும் இந்த ஆலைகளால் கடலை இழந்தவர்கள்தான். ஆனால் 'மீனவர்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் போட்டு மூடினால், அடியில் இருப்பவர் மூச்சுத் திணறிப் போவார்.

அரசு என்ன அளக்கிறது என்று பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. மீன்களும் காட்டுயிர்களும் வாழத் தகுந்தது டி வகுப்பு. அதற்குத் தேர்வு மூன்றே பாடம்: கார அமிலத் தன்மை 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், அமோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல். கடலோர நீருக்கான அளவுகோலில் பாதரசமும் ஈயமும் காட்மியமும் உண்டு. இரண்டிலும் ஹார்மோன் என்ற பேச்சே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015லேயே ஈஸ்ட்ரோஜன்களைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டது. நம் வாரியத்தின் தேர்வில் மீன் மூச்சுவிட்டால் பாஸ். அது குஞ்சு பொரிக்கிறதா என்பது பாடத்திட்டத்திலேயே இல்லை.

இதையெல்லாம் எழுதுவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கடற்கரையில் மீன் விற்கும் ஒரு அம்மா என்னிடம் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "நீ எழுதிட்டு டாக்டர் ஆயிருவ தம்பி. நாளைக்கு எம் மீன எவன் வாங்குவான்?" நியாயமான கேள்வி. மினமாட்டாவில் சிசோ ஆலையின் பாதரசத்தால் நரம்பு முடங்கிய மீனவக் குடும்பங்களை, 1956க்குப் பிறகு அந்த ஊரே தொற்றுநோய்க்காரர்கள் போல ஒதுக்கியது. ஆலையை யாரும் ஒதுக்கவில்லை. 'இந்த மீனைச் சாப்பிடாதீர்கள்' என்ற அறிவிப்பு வஞ்சிரம் வாங்குகிறவரைத் தொடாது. நூறு ரூபாய்க்குள் கெளுத்தியும் மடவையும் வாங்கிக் குழம்பு வைக்கும் வீட்டின் ஒரே புரதத்தைத்தான் தொடும். அதற்காக மூடி மறைப்பதும் கிடையாது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் எந்த மீனில் என்ன இருக்கிறது என்று தெரியும் உரிமை உண்டு. ஆகவே என் நிலைப்பாடு இது: மீனில் விஷம் என்று அறிவிக்கும் அதே தாளில், அதே நாளில், விஷத்தின் குழாய்க்கு உரியவர் பெயரும் மீன் விற்காத நாட்களுக்கு அவர் கொடுக்க வேண்டிய கூலியும் இருக்க வேண்டும். இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியை வெளியிடுவது தீட்டு அறிவிப்பு.

கடைசியாகத் தோழர்களே, நாம். மாசு என்றால் அது பறவை பார்க்கப் போகிறவர்களின் வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கியே இருந்துவிட்டோம். கோயில் நுழைவுக்கும் தேர் வடத்துக்கும் கொடுத்த ஆளையும் நேரத்தையும் சேற்றுக்குக் கொடுக்கவில்லை. பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகத் தொடங்கிய இயக்கத்தின் வாரிசுகள், அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையை அடுத்தவர் பொறுப்பில் விட்டது விநோதம். எங்கள் பனவடலிசத்திரம் வானம் பார்த்த பூமி. முகத்துவாரம் எங்களுக்கு வெகுதூரம். ஆனால் ஐஸ் பெட்டியில் மீன் எங்கள் தெருவுக்கும் வருகிறது. கடலோர ஊர்களை மட்டும் போராட விட்டுவிட்டு நாம் குழம்பு வைத்துக்கொண்டிருக்க முடியாது.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. தாமிரபரணிக் கரை ஊராட்சிகளிலும் எண்ணூர், பழவேற்காடு சுற்று ஊராட்சிகளிலும் அன்று மூன்று தீர்மானங்களைக் கொண்டுபோகலாம். வாரியம் தண்ணீரை மட்டும் எடுக்காமல் சேற்றையும், சேற்றில் வாழும் ஆண் மீனின் இரத்தத்தையும் ஆண்டுக்கு இருமுறை எடுத்து விட்டெலோஜெனினைச் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் மீன் ஏலக் கூடத்தில் ஒட்ட வேண்டும். எந்த இடத்தில் சேறு எடுப்பது என்று காட்டவும், உடனிருந்து புட்டியில் முத்திரை வைக்கவும், அந்தச் சேற்றைக் கையால் தடவிப் பிழைக்கும் இருளர் பெண்களையும் தலித் மீனவர்களையும் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். எந்தக் குழாய் எந்த ராத்திரியில் திறக்கிறது என்பது வாரியத்தின் அதிகாரிக்குத் தெரியாமலிருக்கலாம், அவர்களுக்குத் தெரியும்.